மாடி இருக்கும் ஊரில் பில் இல்லை, பில் இருக்கும் ஊரில் மாடி இல்லை: கட்டுமாவடி முதல் சென்னை வரை ஒரு சோலார் கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மாவும் அப்பாவும் புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடியில் இருக்கிறார்கள். மேலே மொட்டை மாடியோடு சின்னதாக ஒரு கான்கிரீட் வீடு. மகன் சென்னையில் ஐ.டி. வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, ஏசி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சு இப்படிப் போகிறது.

"அம்மா, நம்ம வீட்டு மாடில சோலார் போட்டுறலாமா? மானியம் தர்றாங்க."

"நமக்கு வர்ற கரன்ட் பில்லு எரநூறு சொச்சம். அதுக்கு எதுக்குடா தம்பி அவ்ளோ செலவு? நீ இருக்கிற வீட்டுல போடேன்."

"இங்க மாடி நம்மளுது இல்லம்மா..."

பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாடி இருப்பவருக்குத் தேவை இல்லை, தேவை இருப்பவருக்கு மாடி இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுக் கூரை சோலார் எதிர்பார்த்த வேகத்தில் பரவாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓர் ஊரில் வீடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, அந்த நெருக்கத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதோடு நேரடியாகத் தொடர்புள்ள பிரச்சினை இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மானியம் எவ்வளவு?

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரி 13 அன்று தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் மொத்தம் 78,000 ரூபாய், அதுதான் உச்சவரம்பு.

ஒரு கிலோவாட் பேனல் வைக்க நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். நம் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், ஒரு பில் காலத்துக்கு சுமார் 240 யூனிட்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தத் திட்டம் மனதில் வைத்திருப்பது, சொந்த வீடும் சொந்த மாடியும் தனி மீட்டரும் ஓரளவு பெரிய பில்லும் உள்ள ஒரு குடும்பத்தை. நகரத்தில் பங்களா வைத்திருப்பவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மற்றவர்களுக்கு?

ஒரே பேனல், இரண்டு கணக்கு

கட்டுமாவடி வீட்டுக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2.25 ரூபாய். ஆக பில் 225 ரூபாய். (அதன் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க 2022 கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறோம்.)

இந்த வீட்டில் 1 கிலோவாட் சோலார் போட்டால் பில் பூஜ்யம் ஆகிவிடும். ஆண்டுக்கு மிச்சம் 1,350 ரூபாய். மத்திய அரசு மானியத்துக்கு அடிப்படையாக வைத்த விலை கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய். மானியம் போக கையிலிருந்து 20,000. போட்ட காசு திரும்பி வர ஏறக்குறைய 15 ஆண்டுகள். சந்தை விலை இதைவிடக் கூடினால் இன்னும் இழுக்கும். 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடு என்றால் மிச்சமே கிடையாது. இலவசமாக வருவதற்கு மாற்றாக யார் காசு கொடுத்து பேனல் வாங்குவார்கள்?

இப்போது சென்னை மகன். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டியதும் வேறு அட்டவணை: 101 முதல் 400 வரை யூனிட் 4.50, அடுத்த நூறுக்கு 6, அதற்கடுத்த நூறுக்கு 8 ரூபாய். மொத்தம் 2,750 ரூபாய். இவருக்கு அதே 1 கிலோவாட் கிடைத்தால் கணக்கில் வருவது 360 யூனிட் மட்டும். பில் 945 ரூபாயாக இறங்கிவிடும். ஆண்டுக்கு 10,830 ரூபாய் மிச்சம். பிற சிறு கட்டணங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், போட்ட 20,000 ரூபாய் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

பேனல் ஒன்றுதான், வெயிலும் மானியமும் ஒன்றுதான். ஓரிடத்தில் 15 ஆண்டு, இன்னோரிடத்தில் 2 ஆண்டு. ஆனால் 2 ஆண்டில் காசு திரும்பும் இடத்தில் பேனல் வைக்க மாடி இல்லை.

மாடி எங்கே போனது?

மாடி இருக்கிறது. ஆனால் பங்கு போட வேண்டியிருக்கிறது.

2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 4,800 சதுர அடி கட்டலாம். சுமார் ஆறு வீடு வரும். மாடி 1,200 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் டேங்க், படிக்கட்டு முகப்பு, துணி காயப்போடும் இடம் எல்லாம் போக பாதி மிஞ்சும். அதில் 6 கிலோவாட் வைக்கலாம். வீட்டுக்கு ஒன்று. பரவாயில்லை.

அதுவே உயரமான கட்டடம் என்றால்? 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் எஃப்.எஸ்.ஐ. 3.25 வரை போகும். கூடுதல் கட்டணம் கட்டினால் அதற்கு மேல் 50% வரை பிரீமியம் கிடைக்கும். மாடிக்கு நான்கு வீடு வீதம் 15 மாடி, 60 வீடு என்று எடுத்துக்கொள்வோம். மேலே 5,000 சதுர அடியில் பாதி பயன்பட்டாலும் 25 கிலோவாட்தான். வீட்டுக்கு 0.4 கிலோவாட். இரண்டு மாதத்துக்கு சுமார் 100 யூனிட்தான் தேறும்.

சட்டச் சிக்கலும் உண்டு. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் மட்டும் போய் பேனல் மாட்ட முடியாது. சங்கத்தில் தீர்மானம் வேண்டும். "எங்க வீட்டு மேல ஓட்டை போட்டா ஒழுகும்" என்று மேல்தளக்காரர் சொல்வார். "நான் மாசம் 50 யூனிட்தான், எனக்கெதுக்கு" என்று இன்னொருவர் சொல்வார். வாடகைக்கு இருப்பவருக்குப் பேச்சுரிமையே இல்லை.

சங்கம் வழியாகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு, மின்வாகன சார்ஜிங் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கானது. உங்கள் வீட்டு ஏசி ஓடும் மீட்டரில் ஒரு யூனிட்கூடக் குறையாது.

பொது மீட்டரில் நடந்த அரசியல்

அந்தப் பொதுப் பயன்பாட்டு மீட்டரே ஒரு தனிக் கதை. 2022 கட்டண மாற்றத்தில் அடுக்குமாடிகளின் பொது மின்சாரத்துக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனிப் பிரிவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2023 அக்டோபரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதை 5.50 ரூபாயாகக் குறைப்பதாக அறிவித்தார். யாருக்கு? 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும்.

ஒருபக்கம் நெருக்கமாக, உயரமாகக் கட்ட பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கொடுக்கிறோம். மறுபக்கம் உயரமான கட்டடத்துக்குப் பொது மின்சாரம் விலை கூடுதல். லிஃப்ட் இருந்தாலே வசதியானவர்கள் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று தெரியும். அங்கே லிஃப்ட் வசதிக்கானது கிடையாது. தண்ணீர்க் குடத்தோடும் கைக்குழந்தையோடும் ஏறுபவருக்கான வழி அது.

அப்போ அடுக்குமாடியே வேண்டாமா?

அப்படி முடிவுகட்டினால் தப்பு. மாடிப் பரப்பை மட்டும் வைத்து நெருக்கத்தை எடைபோட முடியாது. பக்கத்துப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் வேலைக்குப் போகும் தூரம் குறையும், பஸ்ஸும் மெட்ரோவும் கட்டுப்படியாகும். இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச் சுவர் என்றால் வெயில் படும் பரப்பும் குறையும். தென்னந்தோப்பும் வயலும் பிளாட் ஆவது கொஞ்சமாவது தள்ளிப்போகும்.

மின்கம்பிக் கணக்கையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கி.மீ.க்கு சென்னையில் 26,000 பேருக்கு மேல். மாநிலச் சராசரி 555. புதுக்கோட்டை மாவட்டத்தில் 348. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் ஒரு வீட்டுக்குக் கரன்ட் கொண்டுபோக அதிகக் கம்பம், அதிகக் கம்பி வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது இதன் விலை தெரிந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மாவட்டத்தின் கடற்கரை தொடங்கும் கட்டுமாவடிப் பக்கத்து மக்களுக்கு அந்த இருட்டு இன்னும் நினைவில் இருக்கும்.

"அப்போ சோலார் இருந்திருந்தா?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம். இப்போது மானியத்தில் போடப்படும் வழக்கமான சோலார், மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. கம்பியில் கரன்ட் போனால் சோலாரும் தானாக நின்றுவிடும். பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறும் ஊழியர் மேல் மின்சாரம் பாயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பேட்டரி வைத்தால்தான் புயல் இரவில் விளக்கு எரியும்.

பேட்டரி வைத்த பழைய திட்டம் ஒன்று உண்டு

முதல்வராக ஜெயலலிதா இருந்தபோது 2011-12 இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. கிராம ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு, அதில் ஐந்து சோலார் விளக்கு. ஆண்டுக்கு 60,000 வீடு, ஐந்தாண்டில் 3 லட்சம் வீடு என்பது இலக்கு. தொடக்கத்தில் வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சோலாருக்கு. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. வீடு கட்டுவதையும் சூரிய மின்சாரத்தையும் ஒரே திட்டத்தில் கொண்டுவந்தது நல்ல யோசனை.

ஆனால் அந்தத் திட்டத்தில் சோலார் என்றால் விளக்கு மட்டும். மின்விசிறி, மிக்ஸி, டி.வி. எல்லாம் மின்வாரிய இணைப்பில்தான். பேட்டரியின் ஆயுளோ சில ஆண்டுகள். அதன்பின் மாற்றும் செலவு வீட்டுக்காரர் தலையில். கடலோர உப்புக்காற்றில் இரும்புச் சட்டமும் இணைப்புகளும் வேறு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இப்போது நடப்பது கலைஞரின் கனவு இல்லம் திட்டம். 2030க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. அதாவது கோட்பாட்டளவில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் 2 கிலோவாட் வைக்க இடம் உண்டு. அந்த வீட்டின் தேவையைவிட இரண்டு மடங்கு மின்சாரம் வரும். லட்சக்கணக்கில் புதுக் கூரைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பேனல் வைக்க வீட்டுக்காரருக்கு ஒரு காரணமும் இல்லை.

கடற்கரையில் நெருக்கமே விதி

கட்டுமாவடி போன்ற ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையை மக்கள் நெருக்கத்தை வைத்தே இரண்டாகப் பிரிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் இருந்த பகுதி என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது. அதற்குக் குறைவு என்றால் 200 மீட்டர் வரை. மீனவர் குடியிருப்புகளுக்குச் சில விலக்குகள் உண்டு. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே 50 மீட்டர் சலுகை செல்லும்.

அதாவது ஒரு மீனவக் குடும்பம் கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் கான்கிரீட் வீடு கட்டலாம் என்பதை, 2011 இல் எடுத்த ஒரு எண்ணிக்கை முடிவுசெய்கிறது. படகும் வலையும் கரையில் இருக்க, வீடு தள்ளிப்போனால் அன்றாடம் நடப்பது அவர்கள்தான். கான்கிரீட் கூரை இல்லாத வீட்டில் சோலார் பேச்சுக்கே இடமில்லை. கீத்துக் கொட்டகையில் யாரும் பேனல் மாட்டுவதில்லை.

தீர்வு இருக்கிறதா?

இருக்கிறது. பெயர் மெய்நிகர் நிகர அளவீடு. பெயர்தான் கடினம், விஷயம் எளிது. பேனல் ஒரு இடத்தில் இருக்கும். அது தரும் யூனிட், வேறு இடத்தில் இருக்கும் உங்கள் மீட்டரில் கழியும். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019 லேயே இதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. டெல்லியின் 2023 சூரியக் கொள்கை, மாடி இல்லாதவர்கள் பலர் சேர்ந்து ஒரு பொது சோலாரில் பங்கு எடுக்கவும் இடம் தருகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வசதி அதிகம். டெல்லியில் தனியார் விநியோக நிறுவனங்களே மூன்று. இங்கே மாநிலம் முழுக்க விநியோகம் ஒரே அரசு நிறுவனத்திடம். கட்டுமாவடி மாடியில் விளைந்த யூனிட்டைச் சென்னை மீட்டரில் கழிக்க இரண்டு நிறுவனங்கள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே கணினியில் இரண்டு எண்களை இணைத்தால் போதும். கம்பி வழியே கொண்டுபோகும் செலவுக்கு நியாயமான ஒரு கட்டணம் வைக்கலாம்.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே மக்களில் ஏறக்குறைய 80% பேர் அரசு வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். 2014 இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில், அந்த வாரியமும் பிற அரசு அமைப்புகளும் தங்கள் கூரைகளை ஒன்றாகத் தொகுத்து டெண்டர் விட்டன. வீட்டுக்காரர் யாரும் தனித்தனியாக அலையவில்லை. பகலில் லிஃப்டும் தாழ்வார விளக்கும் அதில் ஓடுகின்றன, மிச்சம் மின்கட்டமைப்புக்குப் போகிறது. கூரைக்கு ஒரே உரிமையாளர் என்பதால் இது சாத்தியமானது. நம் வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் ஏறக்குறைய அதே நிலைதான். தொடங்க நல்ல இடம்.

பிறகு ஏன் தயக்கம்?

காரணம் பணம்தான்.

500 யூனிட்டைத் தாண்டுபவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்தப் பணமும் அரசு மானியமும் சேர்ந்துதான் மற்றவர்களின் 100 இலவச யூனிட்டைத் தாங்குகிறது. பெரிய பில் கட்டுபவர்கள் சோலாருக்குப் போய்விட்டால் மின்வாரியத்தின் வருமானம் அடிவாங்கும். ஏற்கெனவே கடனில் இருக்கும் நிறுவனம் அது. சாயங்காலம் சூரியன் இறங்கியதும் எல்லோருக்கும் மின்சாரம் தர வேண்டிய பொறுப்பும் அதனிடம்தான். இந்தக் கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் இதே கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. கட்டுமாவடி அம்மா வீட்டில் சோலார் வந்தால் அவருக்கு மிச்சமாவது சில நூறு ரூபாய். 100 இலவச யூனிட்டின் செலவு மிச்சமாவது அரசுக்கு. பலன் யாருக்கோ, முதலீடும் அவர்தான் செய்ய வேண்டும். அரசே அந்தக் கூரைகளில் பேனல் வைத்து, வீட்டுக்காரருக்கு இலவச யூனிட்டோடு கூரை வாடகையாக ஒரு சிறு தொகையும் கொடுத்து, மிச்ச யூனிட்டை நகரத்து அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்றால் மூன்று தரப்புக்கும் கட்டுப்படியாகும். இலவச மின்சாரத்தை ஒழிக்க வேண்டியதும் இல்லை.

நகரத்துக்கு மின்சாரம் தர எங்கோ கிராமத்தில் நிலம் எடுப்பது நமக்குப் புதிதில்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரியமின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. கூரைகளைத் தொகுத்தால் புதிதாக ஒரு சென்ட் நிலமும் எடுக்க வேண்டாம். வருமானமும் ஊர்க்காரர் கைக்குப் போகும்.

இப்போதைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

* அடுக்குமாடியில் சொந்த வீடு: சங்கக் கூட்டத்தில் முதலில் பொது மீட்டர் பில்லை எடுத்து வையுங்கள். அந்த மீட்டர் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் சோலார் போடுவது பற்றிப் பேசுங்கள். "யாருக்கு எவ்வளவு பங்கு" என்ற சண்டை இதில் வராது. பராமரிப்புக் கட்டணம் எல்லோருக்கும் குறையும்.

* தனி வீடு: 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் தள்ளிப்போட வேண்டாம்.

* ஊரில் பெற்றோர் வீடு: பில்லுக்காகப் போடாதீர்கள், கணக்கு கட்டாது. புயல் நேரத்து விளக்குக்காக என்றால் பேட்டரியோடு போடுங்கள். கடலோரம் என்றால் துருப்பிடிக்காத சட்டமா என்று கேட்டு வாங்குங்கள்.

* வாடகை வீடு: இப்போதைய விதிகளில் உங்களுக்கு வழி மிகக் குறைவு. மெய்நிகர் அளவீடு பற்றி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போது எழுதிப் போடுங்கள். வழக்கமாக அங்கே எழுதுபவர்கள் தொழிற்சாலைகளும் சூரியமின் நிறுவனங்களும்தான். வாடகைக்காரர் குரல் அங்கே அரிதாகவே கேட்கிறது.

போனில் நின்றுபோன அந்தப் பேச்சு மறுபடி தொடங்க அம்மாவுக்குப் பெரிய பில்லும் வர வேண்டாம், மகனுக்குச் சொந்த மாடியும் வர வேண்டாம். அம்மா வீட்டு மாடியில் விளைவது மகன் வீட்டு மீட்டரில் கழியும் என்று ஒரு விதி எழுதப்பட்டால் போதும்.